விண்வெளியில் உடல் வெடித்துவிடுமா? வெற்றிடம் மனிதனை உண்மையில் என்ன செய்கிறது

விண்வெளி உடை இல்லாமல் ஒருவர் விண்கலத்துக்கு வெளியே வந்துவிட்டால் என்ன ஆகும்? யாரிடம் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்வார்கள். உடல் வெடித்துச் சிதறிவிடும் என்பார் ஒருவர். இரத்தம் கொதித்துவிடும் என்பார் இன்னொருவர். கண்மூடித் திறப்பதற்குள் பனிக்கட்டியாக உறைந்துவிடும் என்பார் மூன்றாமவர். கொதிப்பதும் உறைவதும் ஒரே நேரத்தில் நடப்பதாக ஒருவரே சொல்வதும் உண்டு. திரைப்படங்கள் இந்த மூன்றையும் மாறி மாறிக் காட்டி மனத்தில் பதிய வைத்துவிட்டன.

உடல் வெடிக்காது, உடனே உறையவும் உறையாது. பத்துப் பதினைந்து விநாடிகளில் நினைவு தப்பிவிடும். அதன் பிறகும், ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்குள் அந்த மனிதரைக் காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அவர் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. வெளியே வந்த மறுகணமே உடல் சிதறிவிடும் என்று நம்புகிறவருக்குக் காப்பாற்றுவது என்ற பேச்சே எழாது. விண்வெளிப் பாதுகாப்புப் பொறியியலில் பெரும்பகுதியோ, அந்தப் பத்துப் பதினைந்து விநாடிகளை நம்பியும் அவற்றுக்கு அஞ்சியும்தான் அமைந்திருக்கிறது. ஆகவே இதைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறேன்.

காற்றுக்கும் எடை உண்டு

நம் தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்துக்குக் காற்று நிற்கிறது. அதன் எடை நம்மீது இறங்குகிறது. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை. நம் உடலுக்குள்ளும் அதே அளவு எதிர்த்தள்ளல் இருப்பதால் நாம் நசுங்குவதில்லை, அந்தச் சுமை இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. காற்றின் எடையால் வரும் இந்தத் தள்ளலுக்குத்தான் காற்றழுத்தம் என்று பெயர்.

மேலே போகப் போகத் தலைக்கு மேல் மிச்சமிருக்கும் காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. எவரெஸ்ட் உச்சியில் கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றிவரும் 400 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் என்று சொல்லத்தக்கதாக எதுவுமே இல்லை. இந்த நிலையைத்தான் வெற்றிடம் என்கிறோம்.

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பதும் இந்த அழுத்தத்தைப் பொறுத்ததே. சென்னையில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகத் தாமதமாவது அதனால்தான். இன்னும் மேலே போனால் இந்த அளவு இறங்கிக்கொண்டே வரும். ஏறத்தாழ 19 கிலோமீட்டர் உயரத்தில் தண்ணீர் 37 டிகிரியில், அதாவது மனித உடலின் இயல்பான சூட்டிலேயே கொதிக்கத் தொடங்கும். இந்த உயரத்துக்கு ஆம்ஸ்ட்ராங் எல்லை என்று பெயர். நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் வேறு. இது ஹாரி ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவரின் பெயர்.

இரத்தம் கொதிக்குமா?

ஆம்ஸ்ட்ராங் எல்லைக்கு மேலே பாதுகாப்பில்லாமல் இருக்கும் உடலில், வெளியே திறந்திருக்கும் ஈரம் முதலில் ஆவியாகும். நாக்கின் எச்சில், கண்ணின் ஈரம், நுரையீரலின் உட்புற ஈரம் எல்லாம் அப்படிப் போகும். தோலுக்கு அடியில் தசைகளில் இருக்கும் நீரும் ஆவியாக மாறப் பார்க்கும். அதனால் உடல் உப்பும். இப்படி உடல் நீர் அழுத்தக் குறைவால் ஆவியாகி உடலை உப்ப வைப்பதற்கு எபுலிசம் என்று பெயர். உடல் இயல்பைப்போல இரண்டு மடங்கு பருமன்வரை வீங்கக்கூடும். ஆனால் மனிதத் தோல் நாம் நினைப்பதைவிட மிக உறுதியானது, நன்றாக இழுபடக்கூடியது. அது கிழிவதில்லை. அழுத்தம் திரும்பியதும் வீக்கம் வடிந்துவிடும்.

இதை ஒரு மனிதரின் கையே காட்டியிருக்கிறது. 1960 ஆகஸ்ட் 16 அன்று ஜோசப் கிட்டிங்கர் என்ற அமெரிக்க விமானப்படை அதிகாரி ஹீலியம் பலூனில் 31 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து பாராசூட்டுடன் குதித்தார். ஏறும்போதே அவருடைய வலது கையுறையில் அழுத்தம் நிற்கவில்லை. சொன்னால் பயணத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால் வெகுநேரம் தரையில் இருந்தவர்களிடம் அவர் அதைச் சொல்லவில்லை. கை இரண்டு மடங்காக வீங்கியது, கடுமையாக வலித்தது, பயன்படாமல் போனது. ஆனால் வெடிக்கவில்லை. தரையிறங்கிச் சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

இரத்தத்தின் கதை சற்று வேறு. அது திறந்த பாத்திரத்தில் இல்லை, குழாய்களுக்குள் ஓடுகிறது. 37 டிகிரியில் தண்ணீர் கொதிக்காமல் இருக்க 47 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். மருத்துவர் இதே அளவையில் பார்த்துச் சொல்லும் 120/80 என்ற இரத்த அழுத்தத்தில் கீழ் எண்கூட அதைவிடக் கூடுதல். எனவே தமனிகளில் ஓடும் இரத்தம் கொதிப்பதில்லை. சிரைகளில் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே ஆவிக்குமிழிகள் தோன்றும். நேரம் கடந்தால் அவை இரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். அந்த ஆபத்து மெய்யானது. ஆனால் அதற்கு முன்பே வேறொன்று முந்திக்கொள்கிறது.

இதுவரை பார்த்ததன் சாரம்: அழுத்தம் இல்லாத இடத்தில் உடல் நீர் ஆவியாகி உடல் வீங்கும். தோலும் இரத்தக் குழாய்களும் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். கொடூரமாக இருந்தாலும் முதல் நிமிடத்தில் உயிரைப் பறிப்பது இதுவன்று.

மூச்சு திசை மாறும்போது

உயிருக்கு உலை வைப்பது ஆக்சிஜன் இழப்பு. அதுவும் நாம் அறிந்த மூச்சுத்திணறலைப் போன்றதன்று.

நுரையீரலில் ஆக்சிஜன் தானாகவே அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகிறது. சாதாரணமாக உள்ளிழுத்த காற்றில் ஆக்சிஜன் கூடுதல், நுரையீரலுக்கு வரும் இரத்தத்தில் குறைவு. ஆகவே அது இரத்தத்துக்குள் நுழைகிறது. வெற்றிடத்தில் நுரையீரல் காலியாகிவிடுவதால் திசை தலைகீழாகிறது. இரத்தம் தன்னிடமிருந்த ஆக்சிஜனையும் நுரையீரல் வழியே வெளியே இழந்துவிடுகிறது.

தண்ணீருக்குள் முங்குபவர் ஒரு நிமிடம், பழகியவரானால் இன்னும் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறார். காரணம், நுரையீரலில் அடைத்துவைத்த காற்றும் இரத்தத்தில் ஏற்கெனவே உள்ள ஆக்சிஜனும் அவருக்குச் சேமிப்பாக இருக்கின்றன. வெற்றிடம் அந்தச் சேமிப்பையே பறித்துவிடுகிறது. ஆக்சிஜன் இழந்த இரத்தம் நுரையீரலிலிருந்து இதயம் வழியாக மூளைக்குப் போய்ச்சேர ஏறத்தாழ பத்து விநாடி ஆகும். அது போய்ச்சேர்ந்ததும் நினைவு தப்புகிறது. அவ்வளவுதான் அவகாசம்.

அப்படியானால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதுதான் செய்யக்கூடாத காரியம். வெளியே அழுத்தமே இல்லாதபோது உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலின் மெல்லிய திசுவைக் கிழித்துவிடும். கிழிசல் வழியே காற்றுக்குமிழிகள் இரத்தத்தில் நுழைந்து இதயத்துக்கும் மூளைக்கும் போய்விடலாம். வாயைத் திறந்து மூச்சை வெளியே விட்டுவிடுவதே சரி. ஆழ்கடல் முக்குளிப்பவர்களுக்கும் மேலே வரும்போது மூச்சைப் பிடிக்காதே என்றுதான் முதல் பாடம் சொல்லித்தருகிறார்கள்.

இந்த அனுபவத்தைத் தாண்டி வந்து பேசியவர் ஒருவர் இருக்கிறார். 1966இல் ஹூஸ்டனில் இருந்த நாசாவின் வெற்றிட அறையில் ஜிம் லெப்ளாங்க் என்ற தொழில்நுட்பவியலாளர் ஒரு விண்வெளி உடையை அணிந்து சோதித்துக்கொண்டிருந்தார். உடைக்கு அழுத்தம் கொடுத்துக்கொண்டிருந்த குழாய் கழன்றுவிட்டது. ஏறத்தாழ 14 விநாடிகளில் நினைவிழந்து பின்னால் சாய்ந்தார். நினைவு தப்புவதற்கு முன் நாக்கில் எச்சில் குமிழிட்டதை உணர்ந்ததாகப் பிறகு சொன்னார். வழக்கமாக அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு செய்யவேண்டிய காற்று நிரப்பும் வேலையை ஒன்றரை நிமிடத்துக்குள் செய்து முடித்தார்கள். அவர் எழுந்து உட்கார்ந்தார். காதுவலியைத் தவிரப் பெரிய கேடு எதுவும் இல்லை.

ஒன்றரை நிமிடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 1960களில் அமெரிக்க விமானப்படை நாய்களைக் கிட்டத்தட்ட வெற்றிட நிலைக்கு உட்படுத்திப் பார்த்தது. 90 விநாடிக்குள் அழுத்தத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அவை பிழைத்தன. இரண்டு நிமிடத்தை நெருங்கியபோது இறப்பு தொடங்கியது. அந்த விலங்குகள் பட்ட துன்பத்தை நினைத்தால் மனம் கனக்கிறது. விண்வெளி மருத்துவத்தின் பல எண்கள் இப்படித்தான் கிடைத்திருக்கின்றன.

சுருக்கமாக, ஏறத்தாழ பத்து விநாடி சுயநினைவு, அதற்குப் பிறகு பிறர் உதவினால் மட்டுமே பலன் தரும் ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட அவகாசம். இந்த இரண்டு அளவுகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரா, சூடா?

விண்வெளி கடுங்குளிர் என்பதால் உடல் உடனே உறைந்துவிடும் என்ற எண்ணத்தில் ஒரு பிழை இருக்கிறது. குளிர்காற்று நம்மைக் குளிர்விப்பது, அது உடலைத் தொட்டு வெப்பத்தை எடுத்துச் செல்வதால். வெற்றிடத்தில் தொடுவதற்கு எதுவும் இல்லை. வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற வேண்டும், அது மெதுவான வழி. ஈரம் ஆவியாகும்போது வாயும் மூக்கும் சில்லிட்டுப்போகும். உடல் முழுதும் உறைய மணிக்கணக்கில் ஆகும்.

விண்வெளியில் நடப்பவர்களை உண்மையில் வாட்டியது சூடு. 1966 ஜூனில் ஜெமினி 9ஏ விண்கலத்திலிருந்து வெளியே வந்த யூஜின் செர்னன், உடையோடு போராடிப் போராடி வியர்வையில் நனைந்தார். காற்றைச் செலுத்திக் குளிர்விக்கும் அந்தக் கால ஏற்பாடு போதவில்லை. முகக்கண்ணாடியில் ஆவி படிந்து கண் தெரியாமல் போனது. உடல் உழைப்பில் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உடைக்குள்ளேயே தேங்கியதுதான் காரணம். அதன் பிறகு, உள்ளாடையில் மெல்லிய குழாய்களை ஓடவிட்டுத் தண்ணீரால் குளிர்விக்கும் முறை வந்தது. இன்றைய அமெரிக்க உடையின் உள்ளாடையில் ஏறத்தாழ 90 மீட்டர் நீளத்துக்கு அந்தக் குழாய்கள் ஓடுகின்றன.

அந்தத் தண்ணீரே ஒருமுறை எமனாக வந்தது. 2013 ஜூலை 16 அன்று இத்தாலிய வீரர் லூக்கா பர்மிடானோ விண்வெளி நிலையத்துக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தபோது தலைக்கவசத்துக்குள் தண்ணீர் சேரத் தொடங்கியது. உடையிலிருந்த விசிறியையும் நீர்ப்பம்பையும் சேர்ந்த பகுதியில் நுண்துளைகள் அடைபட்டிருந்தன. எடையற்ற நிலையில் தண்ணீர் வழிந்து கீழே போகாது, தோலில் ஒட்டிப் படரும். கண்ணையும் மூக்கையும் காதையும் அது மூடியது. பார்க்கவும் முடியாமல், சரியாகக் கேட்கவும் முடியாமல், தன்னைக் கட்டியிருந்த கயிற்றைப் பற்றியே அவர் திரும்பி வந்தார். 400 கிலோமீட்டர் உயரத்தில் நீரில் மூழ்கி ஒருவர் உயிரிழக்கும் நிலை ஏற்பட்டது என்பதை முதலில் படித்தபோது நம்பவே முடியவில்லை.

சிறு ஓட்டை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுமா?

இதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை, உள்ளே இருக்கும் காற்றுதான் வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஓட்டையின் பரப்பளவைப் பொறுத்தது. 2018 ஆகஸ்டில் விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் என்ற ரஷ்ய விண்கலத்தில் 2 மில்லிமீட்டர் அகல ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் பார்த்தால் அந்த ஓட்டையில் இருந்த தள்ளல் முப்பது கிராம் சொச்சம். வீரர்கள் பசையையும் துணியையும் வைத்து அடைத்துவிட்டார்கள். கதவளவு ஓட்டையானால் நிலைமை முற்றிலும் வேறு.

கோலி சோடாவும் விண்வெளி உடையும்

கோலியை உள்ளே தட்டியதும் சோடா பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தம் கொடுத்துத் திரவத்தில் கரைத்து வைத்த வாயு, அழுத்தம் குறைந்ததும் குமிழியாக வெளியே வருகிறது. நம் இரத்தத்திலும் தசைகளிலும் காற்றிலிருந்து வந்த நைட்ரஜன் அப்படித்தான் கரைந்திருக்கிறது. வெளி அழுத்தம் சட்டென்று குறைந்தால் அது குமிழிகளாகி மூட்டுகளில் கடும் வலியையும், மோசமானால் நரம்பு மண்டலத்தில் பாதிப்பையும் உண்டாக்கும். இதற்கு அழுத்தக்குறைவு நோய் என்று பெயர்.

விண்வெளி நிலையத்துக்குள் கடல்மட்ட அழுத்தம் இருக்கிறது. வெளியே போகும் வீரரின் உடைக்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அழுத்தமே இருக்கிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால், உடைக்குள் தூய ஆக்சிஜனை நிரப்பினால் அந்தக் குறைந்த அழுத்தமே மூச்சுக்குப் போதும். ஆனால் அழுத்த மாற்றம் நைட்ரஜனைப் பொங்க வைத்துவிடும். எனவே வெளியே போகுமுன் வீரர்கள் மணிக்கணக்கில் ஆயத்தம் செய்து, தூய ஆக்சிஜனைச் சுவாசித்து, உடலிலிருந்து நைட்ரஜனைக் கழுவி வெளியேற்றிக்கொள்கிறார்கள்.

உடைக்குள்ளும் முழு அழுத்தம் வைத்தால் இந்தத் தொல்லையே இருக்காதே என்று கேட்கலாம். அழுத்தம் கூடக்கூட உடை விறைத்துவிடும், கைகால்களை மடக்க முடியாது. உலகில் முதன்முதலாக விண்வெளியில் நடந்த அலெக்சி லியோனோவ் 1965 மார்ச் 18 அன்று இதை அனுபவித்தார். பன்னிரண்டு நிமிட நடைக்குள் உடை உப்பி, கைவிரல்கள் கையுறை நுனியிலிருந்து விலகிவிட்டன, வந்த வழியே உள்ளே நுழைய முடியவில்லை. உடையின் வால்வைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு, தலையை முன்னால் விட்டு நுழைந்தார். அழுத்தக்குறைவு நோய் வரக்கூடும் என்று தெரிந்தேதான் அதைச் செய்தார்.

இன்றும் அந்த விறைப்பு வீரர்களைக் காயப்படுத்துகிறது. கையுறைக்குள் ஒவ்வொரு முறை விரலை மடக்கும்போதும் அழுத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆறேழு மணி நேரம் அப்படி வேலை செய்தவர்களின் விரல் நகங்கள் சதையிலிருந்து பெயர்ந்துவிடுவது உண்டு. ஹூஸ்டனில் பெரிய நீச்சல்குளத்தில் இதே உடையோடு பயிற்சி எடுப்பவர்களுக்குத் தோள்பட்டைக் காயங்கள் வருகின்றன. விண்வெளிக் காயம் என்றால் விண்கல் மோதுவதைத்தான் நினைக்கிறோம்; நகம் பெயர்வதை யாரும் பேசுவதில்லை. 1991இல் அட்லாண்டிஸ் என்ற அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பயணத்தில் ஒரு வீரரின் கையுறையிலிருந்த சிறு உலோகத் தண்டு கையுறையைத் துளைத்துத் தோலில் குத்தியது. கசிந்த இரத்தமும் தோலும் அந்தத் துளையை அடைத்துக்கொண்டன. நடை முடியும்வரை அவருக்கே அது தெரியாது.

தூய ஆக்சிஜனுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதில் எதுவும் சட்டென்று பற்றிக்கொள்ளும், வெறியோடு எரியும். 1961 மார்ச் 23 அன்று, உலகின் முதல் விண்வெளி வீரர் ககாரின் பறப்பதற்குச் சில வாரங்களே இருந்தபோது, சோவியத் பயிற்சி வீரர் வாலென்டின் பொண்டாரென்கோ ஆக்சிஜன் செறிந்த சோதனை அறையில் தீப்பிடித்து இறந்தார். சோவியத் அரசு அதை இருபதாண்டுகளுக்கு மேல் மறைத்து வைத்தது. 1967 ஜனவரி 27 அன்று அமெரிக்காவில் அப்பல்லோ 1 கலம் தரையில் சோதனையில் இருந்தபோது, தூய ஆக்சிஜன் நிரம்பிய அறையில் தீப்பற்றி கஸ் கிரிசம், எட் வைட், ரோஜர் சாஃபி மூவரும் மாண்டார்கள். முதல் விபத்தை உலகம் அப்போதே அறிந்திருந்தால் இரண்டாவது தடுக்கப்பட்டிருக்குமா என்ற கேள்வி என்னை விடுவதாக இல்லை.

சோயுஸ் 11

மேலே குறித்த இரண்டு அளவுகளுக்கு இப்போது வருவோம். விண்வெளியிலேயே, அதாவது 100 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே, இறந்த மனிதர்கள் இதுவரை மூவர் மட்டுமே. கியோர்கி தொப்ரவோல்ஸ்கி, விளாதிஸ்லாவ் வோல்கொவ், விக்தர் பத்சாயெவ். உலகின் முதல் விண்வெளி நிலையமான சல்யூட் 1இல் மூன்று வாரத்துக்கு மேல் தங்கிவிட்டு 1971 ஜூன் 30 அன்று சோயுஸ் 11 கலத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

தரையிறங்கும் கூண்டில் ஒரு வால்வு இருந்தது. தரையை நெருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே விடுவதற்காக வைத்தது. கலத்தின் பகுதிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சியில், ஏறத்தாழ 168 கிலோமீட்டர் உயரத்திலேயே அது திறந்துகொண்டது. உள்ளிருந்த காற்று வெளியேறியது. வால்வு இருக்கைக்கு அடியில் இருந்தது, கையால் திருகி மூடலாம். ஆனால் மூடி முடிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டும். அவர்களுக்கு இருந்தது பத்துப் பதினைந்து விநாடி. பிறகு பார்த்தபோது வால்வு பாதி மூடப்பட்டிருந்தது. பத்சாயெவ் முயன்றிருக்கிறார் என்றே கருதுகிறார்கள்.

கூண்டு தானியங்கி முறையில் பாராசூட் விரித்துக் கசக்கஸ்தானில் சரியாக இறங்கியது. மீட்புக்குழுவினர் கதவைத் திறந்து மூவருக்கும் செயற்கைச் சுவாசம் கொடுத்துப் பார்த்தார்கள். மீட்கக்கூடிய அந்த ஒரு நிமிடச் சொச்சம் வானத்திலேயே கடந்துபோயிருந்தது.

அவர்கள் அழுத்த உடை அணிந்திருக்கவில்லை. மூன்று பேர் உட்காரும்படி அமைத்த அந்தச் சிறு கூண்டில் உடைக்கு இடமில்லை. இந்த விபத்துக்குப் பிறகு சோவியத் பொறியாளர்கள் ஓர் இருக்கையை எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய இரண்டு பேருக்கும் சோகோல் என்ற இலகுவான அழுத்த உடை கொடுக்கப்பட்டது. 1980இல் சோயுஸ் டி வகைக் கலம் வரும்வரை, ஒன்பது ஆண்டுகளுக்குச் சோயுஸில் மூவர் பறக்கவில்லை. சோகோல் உடை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் சோயுஸில் இருக்கும் ஒவ்வொருவரும் அதை அணிந்தே ஆக வேண்டும்.